வாசலில் வந்து நிற்கும் வரி

2021-ல் ஒரு காலை, தபால்காரர் வண்டியை மதிலோரம் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். கையில் உள்ளங்கை அகலப் பழுப்புப் பெட்டி. அதன் மேல் பச்சை நிறச் சுங்கச் சீட்டு, அதற்கும் மேலே நம்மூர் அலுவலகம் ஒட்டிய வெள்ளைத் தாள். "சார், கஸ்டம்ஸ் போட்டிருக்காங்க. பணம் கட்டினாத்தான் கொடுக்க முடியும்" என்றார். பெட்டிக்குள் இருந்தது அப்பாவுக்காக ஜெர்மனியிலிருந்து வரவழைத்த சேஃப்டி ரேசர். முப்பது வருஷமாக அவர் வைத்திருந்த ரேசரில் முலாம் உரிந்து, கைப்பிடியின் மரை தேய்ந்து, பிளேடு ஆடத் தொடங்கியிருந்தது. அதனால் நல்லதாக ஒன்று வாங்குவோம் என்று சோலிங்கன் நகரத்துத் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்தேன். வெட்டுக் கருவிகளில் அந்த ஊர்ப் பெயரைப் பொறிப்பதற்கே ஜெர்மனியில் 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு.

எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன். ரேசரின் விலை 4,000 ரூபாய். அனுப்பும் செலவு 2,000. தபால்காரர் கேட்டது 3,744. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, சீட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?" என்றார். கடைக்காரரையும் சுங்க அதிகாரியையும் தபால்காரரையும் அவர் குறை சொல்லவில்லை. கேட்டது அந்த ஒரு கேள்விதான். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. வெளிநாட்டுச் சவரப் பொருள் ஒன்று நம் வீட்டுக்கு வந்து சேர என்னென்ன செலவாகிறது, யார் எதை வாங்குகிறார்கள், மற்ற நாடுகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று சில வருஷமாகப் படித்தும் விசாரித்தும் வந்திருக்கிறேன். வரி கட்டுவதில் எனக்கு வருத்தம் கிடையாது. எவ்வளவு என்பது பொருளைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் தெரியாமல், அது வாசலுக்கு வந்தபிறகு தெரிகிறதே, அதுதான் வருத்தம்.

அந்த 3,744 எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். சுங்கம் பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. 1962-ம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 14-வது பிரிவும் 2007-ம் வருஷத்து மதிப்பீட்டு விதிகளும் சேர்ந்து, பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் கூட்டித்தான் வரிக்குரிய மதிப்பைக் கணக்கிடச் சொல்கின்றன. காப்பீடு எவ்வளவு என்று தெரியாவிட்டால் விலையில் 1.125 சதவீதம். இங்கே வாங்குபவருக்குச் சாதகமான ஒரு வரி அந்த விதிகளுக்குள் இருக்கிறது, பலருக்குத் தெரியாது: விமானத்தில் வரும் பொருளுக்கு, அனுப்பும் செலவு எவ்வளவு ஆகியிருந்தாலும், மதிப்பில் சேர்ப்பது பொருளின் விலையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆக நான் கொடுத்த 2,000-ல் 800 மட்டுமே கணக்கில் சேரும். 4,000, 800, 45 மூன்றும் சேர்ந்து 4,845. முழு 2,000-ஐயும் சேர்த்திருந்தால் வரி 900 ரூபாய்க்கும் மேல் கூடியிருக்கும். சின்னப் பொருளுக்குப் பெரிய அனுப்பும் செலவு கொடுப்பவர்களுக்கென்றே வைத்ததுபோன்ற விதி இது. கூரியர் பில்லை வாங்கியதும் நான் முதலில் தேடிப் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

அடுத்தது சதவீதம். சொந்த உபயோகத்துக்காகத் தபாலிலோ விமானத்திலோ வரும் பொருள்கள் அனைத்தும் இந்தியச் சுங்க அட்டவணையில் 9804 என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. நான் வாங்கிய காலத்தில் அதற்கு அடிப்படைச் சுங்கம் 35 சதவீதம். அந்தச் சுங்கத்தின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. பொருளின் மதிப்போடு இவை இரண்டையும் சேர்த்த தொகையின் மேல் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வரியின் மேல் வரி ஏறி, மொத்தம் 77.28 சதவீதம் ஆகிறது. 4,845-க்கு 1,696 ரூபாய் சுங்கம், 170 ரூபாய் கூடுதல் வரி, 1,879 ரூபாய் ஜி.எஸ்.டி. பைசாக்களைச் சரிக்கட்டினால் சீட்டில் இருந்த 3,744 வந்துவிடும். 4,000 ரூபாய் ரேசர் அப்பாவின் கைக்கு வரும்போது 9,744 ரூபாய் ஆகியிருந்தது.

இந்த 9804 கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய தலைப்பு. உலகச் சுங்கத்துறைகள் பொதுவாக வைத்திருக்கும் எண் முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். ரேசருக்கு 821210, சேஃப்டி ரேசர் பிளேடுக்கு 821220, சவர பிரஷுக்கு 960329, சவரத்துக்கு முன்னும் பின்னும் பூசும் கிரீம், லோஷனுக்கு 330710. மின்சாரத்தில் ஓடும் ஷேவர் தனியாக 8510. மொத்தமாக இறக்குமதி செய்யும் வியாபாரிக்கு இந்த எண்களைப் பார்த்துத்தான் வரி போடுவார்கள். தனியாள் ஒருவர் ஒரே ஒரு பிரஷை வரவழைத்தால் இந்த எண்கள் ஒதுங்கிக்கொள்ளும், 9804 வந்து உட்காரும். பெட்டிக்குள் பிரஷ் இருந்தாலும் பொம்மை இருந்தாலும் கேமரா லென்ஸ் இருந்தாலும் ஒரே விகிதம். தபாலகத்தில் குவியும் ஆயிரக்கணக்கான பொட்டலங்களைப் பிரித்துப் பிரித்து எண் கண்டுபிடித்துக்கொண்டிருக்க முடியாது என்பது இதற்கு நியாயம். அது நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே விகிதம் என்று முடிவு செய்யும்போது அது எந்த உயரத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம்.

சவர கிரீமையே எடுத்துக்கொள்வோம். 2017 நவம்பரில் உள்நாட்டில் அதன் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். ஒவ்வொரு வீட்டிலும் தினமும் உபயோகப்படும் பொருள் என்று அரசே ஒப்புக்கொண்டு குறைத்த வரி இது. அதே மாதிரி கிரீமை இத்தாலியிலிருந்து ஒரு டப்பா வரவழைத்தவருக்கு 2017-க்குப் பிறகும் 28 சதவீத ஜி.எஸ்.டி. தொடர்ந்தது. அடிப்படைச் சுங்கம் தனி. உள்நாட்டுத் தொழிலைக் காக்க அடிப்படைச் சுங்கம் இருக்கிறது, அதன் வேலை அதுதான். ஜி.எஸ்.டி.யின் வேலை உள்ளூர்ப் பொருளையும் வெளியூர்ப் பொருளையும் சமமாக நிறுத்துவது. 9804-ல் அது சமமாக நிற்கவில்லை.

கிரீமோடு போயிருந்தால் இதை யாரும் பெரிதாகப் பேசியிருக்க மாட்டார்கள். 2021 ஏப்ரலில், மே மாதத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த குடும்பங்கள் வெளிநாட்டு உறவினர்களிடம் ஆக்ஸிஜன் செறிவூட்டிகளைக் கேட்டு வாங்கியபோது, அவையும் இதே 9804-க்குள்தான் விழுந்தன. வியாபாரத்துக்கு இறக்குமதி செய்தால் 12 சதவீத ஜி.எஸ்.டி., தன் வீட்டு நோயாளிக்கு ஒருவர் வரவழைத்தால் 28. அந்த மே மாதத்தில் தனியாருக்கும் 12 என்று அவசரமாகக் குறைத்தார்கள். விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. பரிசாகச் சொந்த உபயோகத்துக்கு வந்த கருவிக்கு அந்த வரி போடுவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று மே 21-ல் தீர்ப்பு வந்தது. சில நாளில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஒரு ரேசரும் உயிர் காக்கும் கருவியும் ஒரே தலைப்பில் ஒரே விகிதத்தில் நின்ற அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. பொட்டலம் சின்னது, வாங்குபவர் தனியாள், அதனால் கேட்பதற்கு ஆளில்லை என்ற நிலையில் ஒரு விகிதம் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் அப்படியே கிடக்கலாம்.

இந்த வரியைத் தவிர்க்க ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். அதில் முதலாவது, 'கிஃப்ட்' என்று எழுதச் சொல்வது. இது இப்போது உதவாது, ஆபத்தும் கூட. ஒரு வரம்புக்குள் வரும் பரிசுப் பொருளுக்கு முன்பு விலக்கு இருந்தது உண்மை. வெளிநாட்டு இணையக் கடைகள் சரக்கையே பரிசு என்று எழுதி அனுப்பத் தொடங்கியதும் 2019 டிசம்பர் 12-ல் அந்த வாசலை மூடிவிட்டார்கள். பரிசு என்ற பெயரில் தபாலிலோ கூரியரிலோ வரியில்லாமல் இறக்குமதி செய்வதற்குத் தடை. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு வைத்தார்கள், அந்தக் கயிற்றோடு வரும் பரிசுக்குக்கூட இல்லை. இரண்டாவது வழி, விலையைக் குறைத்து எழுதச் சொல்லிக் கடைக்காரரைக் கேட்பது. நான் இதை யாருக்கும் சொல்ல மாட்டேன். பொய்யான விலை எழுதியது தெரிந்தால் பொருளைப் பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. பொருள் வழியில் தொலைந்தால் இழப்பீடும் எழுதிய விலைக்குத்தான் கிடைக்கும். அதைவிட, ஒரு நல்ல பிரஷை உட்கார்ந்து கையால் கட்டும் கைவினைஞரைப் பொய்ச் சீட்டு எழுதச் சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாவது வழி நேர்மையானது, நம் ஊர்களில் காலங்காலமாக நடப்பது. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் அத்தானிடமோ சித்தப்பாவிடமோ சொல்லிவிட்டால் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். 2016-ம் வருஷத்து விதிப்படி பயணி ஒருவர் 50,000 ரூபாய் வரையிலான பொருளைச் சுங்கமில்லாமல் கொண்டுவரலாம் என்று இருந்தது. இப்போது அந்த வரம்பு இன்னும் உயர்ந்திருக்கிறது. பிளேடைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டிக்குள் வைக்க வேண்டும், அவ்வளவுதான். இதை மோசடி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இதில் ஒரு அநீதி ஒளிந்திருக்கிறது. வெளிநாட்டில் சொந்தம் இருப்பவருக்கு அதே ரேசர் வரியில்லாமல் வரும். யாரும் இல்லாதவர் தபாலில் வரவழைத்தால் கிட்டத்தட்ட முதல் ரூபாயிலிருந்தே வரி. விமானத்தில் பறந்துவரும் சலுகை விமான டிக்கெட் வாங்க முடிந்தவர்களைச் சுற்றியே நிற்கிறது.

இனி அனுப்பும் செலவு. சவரப் பொருள்களில் இது தனிக் கதை, ஏனென்றால் இவை எடை குறைந்தவை, விலையும் பெரிதாக இல்லாதவை. மேசையில் ரேசரைப் பிரித்து வைத்துப் பார்த்தேன். தலைப்பகுதி, அடித்தட்டு, கைப்பிடி எல்லாம் சேர்ந்து நூறு கிராமுக்குள் வரும். பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். இவற்றைச் சாதாரணத் தபாலில் சின்னப் பொட்டலமாக அனுப்பலாம், உலகத் தபால் அமைப்பில் அதற்கு 2 கிலோ வரை இடமுண்டு. பெர்ன் நகரில் 1874-ல் தொடங்கிய அந்த அமைப்பின் ஏற்பாட்டினால்தான் ஒரு நாட்டில் ஒட்டிய ஸ்டாம்பை மதித்து இன்னொரு நாட்டுத் தபால்காரர் நம் வாசல்வரை வந்து கொடுக்கிறார். வந்து சேர மூன்று வாரமோ ஆறு வாரமோ ஆகும். ஆனால் செலவு தாங்கும்.

கூரியரில் கணக்கு வேறு. அங்கே எடைக்கு மட்டும் பணம் வாங்குவதில்லை, எடை, அடைக்கும் இடம் இரண்டில் எது பெரிதோ அதற்கு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ல் வகுப்பார்கள். நண்பர் ஒருவர் வரவழைத்த பிரஷும் கிண்ணமும் சேர்ந்து அரைக் கிலோகூட இல்லை. கிண்ணம் பீங்கான் என்பதால் உடையாமல் இருக்கக் காகிதச் சுருளை அடைத்து, 30 x 20 x 15 அளவுப் பெட்டியில் வைத்திருந்தார்கள். 9,000-ஐ 5,000-ல் வகுத்தால் 1.8 கிலோ. அவர் காகிதச் சுருளுக்கும் காற்றுக்கும் கூலி கொடுத்தார். அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, கிண்ணம் மாதிரிப் பொருளை உள்ளூரில் வாங்கிக்கொள்வது. கும்பகோணத்துப் பித்தளைக் கிண்ணத்தில் நுரை நன்றாகவே எழும்புகிறது.

ஆஃப்டர்ஷேவ் லோஷன் பற்றி ஒரு வார்த்தை. அதில் பெரும்பாலானவற்றில் ஆல்கஹால் கணிசமாக இருக்கிறது, எளிதில் தீப்பற்றும் திரவம் என்ற வகையில் சர்வதேசத் தபாலில் அதற்கு இடமில்லை. கூரியர்கள் எடுத்துக்கொண்டாலும் அபாயப் பொருளுக்கான தனிக்கட்டணம் வரும். ஆல்கஹால் இல்லாத பாம் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

கூரியரில் வரும்போது சுங்கத்தோடு இன்னொரு தொகையும் சேர்ந்து வரும். என் இரண்டாவது ஆர்டரில் அதை அனுபவித்தேன். போனில் ஒரு செய்தி, அதில் ஒரு லிங்க், ஆதாரோ பான் கார்டோ ஏற்றச் சொன்னது. மறுநாள் பில் வந்தது. முதல் வரியில் சுங்கம், இரண்டாவதில் ஜி.எஸ்.டி. மூன்றாவது வரியில் கூரியர் நிறுவனம் என் சார்பில் அரசுக்கு முன்பணமாக வரி கட்டியதற்கான கட்டணம், நான்காவதில் அந்தக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. வந்திருந்த பொருள் நூறு பிளேடும் ஒரு கைப்பிடியும். அந்த முன்பணக் கட்டணம் சுங்கத்தைவிடப் பெரியதாக இருந்தது. அவர்கள் செய்த வேலைக்குக் கூலி கேட்கிறார்கள், கேட்கட்டும். ஆனால் இந்தத் தொகை பொருளின் விலையைப் பொறுத்துக் குறைவதில்லை, ஒரு குறைந்தபட்சத்தில் நின்றுகொள்கிறது. அதனால் சின்னதாக வாங்குபவரின் தலையில்தான் மிகக் கனமாக விழுகிறது. இது நம் நாட்டோடு நிற்கும் குறையும் இல்லை. பிரிட்டனில் ராயல் மெயில் இதற்கு 8 பவுண்டு வாங்குகிறது, கனடா போஸ்ட் 9.95 டாலர். ஒரு சவர சோப்புக்கு வரியே இரண்டு மூன்று டாலர்தான் ஆகும் என்கிறபோது, அதை வசூலிக்கும் கூலி அதைப்போல மூன்று நான்கு மடங்கு.

இப்படி வசூல் கூலி வரியைவிடப் பெரிதாகிவிடுகிறது என்பதால்தான் பல நாடுகள் ஒரு வரம்புக்குக் கீழே வரும் பொட்டலங்களைத் தொடாமல் விட்டுவைத்திருந்தன. அந்தக் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. இணையக் கடைகளிலிருந்து சின்னப் பொட்டலங்கள் வெள்ளமாக வந்ததுதான் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2024-ல் மட்டும் 460 கோடிப் பொட்டலங்கள் வந்தன. அதில் 91 சதவீதம் சீனாவிலிருந்து. உள்ளூர்க் கடைக்காரர் வரி கட்டி விற்கும்போது எதிரே வரியில்லாத பொட்டலம் வந்து இறங்கினால் அவர் எப்படிப் பிழைப்பார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. விலக்கை எடுத்ததில் எனக்குக் குறையில்லை. எடுத்த விதத்தில்தான் நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம், அப்பாவின் கேள்விக்குப் பதிலும் அங்கேதான் கிடைக்கிறது.

ஆஸ்திரேலியா 2018 ஜூலை 1 முதல் 1,000 டாலருக்குக் கீழான பொருளுக்கு 10 சதவீத ஜி.எஸ்.டி.யை விற்பவரிடமே வாங்கத் தொடங்கியது. அந்நாட்டுக்கு வருஷத்தில் 75,000 டாலருக்கு மேல் விற்கும் வெளிநாட்டுக் கடை அங்கே பதிவு செய்துகொண்டு, பில் போடும்போதே வரியைச் சேர்த்து வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டும். பொட்டலம் வீட்டுக்கு வரும்போது வாசலில் யாரும் பணம் கேட்பதில்லை. சிங்கப்பூர் 2023 ஜனவரி 1 முதல் 400 டாலர் வரையிலான பொருளுக்கு இதே வழிக்கு வந்தது, மலேசியா 2024 ஜனவரி 1 முதல் 500 ரிங்கிட் வரை 10 சதவீதம். அங்கே இருக்கும் நம் சொந்தங்கள் ஆன்லைனில் பிரஷ் வாங்கும்போது திரையில் பார்க்கும் தொகைதான் கடைசித் தொகை.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும் 2021 ஜனவரி 1 முதல் 135 பவுண்டு வரையிலான பொருளுக்கு விற்பவரே 20 சதவீத வாட் வாங்க வேண்டும் என்றது. வாங்குபவருக்கு நல்லதுதான், ஆனால் இதில் சின்னக் கடைக்காரர்கள் அடிபட்டார்கள். ஆஸ்திரேலியா வைத்ததுபோல் இவ்வளவுக்கு மேல் விற்றால்தான் பதிவு என்ற ஏற்பாடு இங்கே இல்லை. வருஷத்தில் பத்து பிரஷ் பிரிட்டனுக்கு விற்கும் ஒருவர் அதற்காக அங்கே பதிவு செய்து, கணக்கு எழுதி, படிவம் நிரப்ப வேண்டும். ஐரோப்பாவில் பல சிறு கடைகள் பிரிட்டனுக்கு அனுப்புவதையே நிறுத்திக்கொண்டன. ஒன்றியம் 2021 ஜூலை 1-ல் தன்னிடம் இருந்த 22 யூரோ விலக்கை நீக்கியபோது கொஞ்சம் யோசித்துச் செய்தது. 150 யூரோ வரையிலான பொருளுக்கு ஒரே ஒரு நாட்டில் பதிவு செய்தால் ஒன்றியம் முழுவதுக்கும் போதும், அதுவும் விரும்பினால்தான். பதிவு செய்யாத கடையிலிருந்து வந்தால் மட்டும் வாட் வாசலில் வசூலாகும். 2026 ஜூலை முதல் அந்தச் சின்னப் பொட்டலங்களுக்குப் பொருள் வகை ஒன்றுக்கு 3 யூரோ சுங்கமும் சேர்கிறது.

எல்லாவற்றையும்விட மோசமாக நடந்தது அமெரிக்காவில். அங்கே 2016 முதல் 800 டாலர் வரை சுங்கமே இல்லாமல் இருந்தது. உலகத்திலேயே தாராளமான வரம்புகளில் ஒன்று. சவரக் கருவி சேர்ப்பவர்கள் இங்கிலாந்து பிரஷ், இத்தாலி சோப்பு, ஜப்பான் பிளேடு என்று சிறு சிறு பொட்டலமாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2025 மே மாதம் சீனா, ஹாங்காங்குக்கும், ஆகஸ்ட் 29-ல் எல்லா நாட்டுக்கும் அந்த விலக்கு போனது. ஜூலை 30-ல் உத்தரவு வெளியாகி முப்பது நாள்தான் அவகாசம். தபாலில் வரும் பொருளுக்கு விகிதப்படி வரி அல்லது பொருள் ஒன்றுக்கு 80, 160, 200 டாலர் என்று நாட்டைப் பொறுத்து ஒரே தொகை, இரண்டில் ஒன்று. பதினைந்து டாலர் சோப்புக்கு எண்பது டாலர் வரி. யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்பதே தெளிவில்லாததால் பல நாட்டுத் தபால்துறைகள் கையை விரித்துவிட்டன. அமெரிக்காவுக்குப் போகும் தபால் 80 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது என்று உலகத் தபால் அமைப்பே அறிவித்தது. நம் தபால்துறையும் ஆகஸ்ட் 25 முதல் நிறுத்தி, அக்டோபர் 15-ல் மறுபடி தொடங்கியது. இப்போது வரியை அனுப்புபவரே இங்கே முன்கூட்டிக் கட்டிவிட வேண்டும். நியூ ஜெர்சியில் இருக்கும் பிள்ளைக்குப் பருப்புப் பொடி அனுப்பிக்கொண்டிருந்த எத்தனையோ அம்மாக்கள் அந்த ஏழு வாரமும் தபாலகத்து வாசலிலிருந்து திரும்பிப் போனார்கள்.

வாங்குபவர்கள் அடிக்கடி ஏமாறும் இன்னொரு இடம், பொருள் எங்கிருந்து அனுப்பப்படுகிறது, எங்கே செய்யப்பட்டது என்ற வித்தியாசம். பிரிட்டனும் ஒன்றியமும் தங்களுக்குள் சுங்கமில்லை என்று ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அதை நம்பி ஜெர்மன் கடையிலிருந்து 135 பவுண்டுக்கு மேல் ஜப்பான் ரேசரை வாங்கிய பிரிட்டன்காரருக்குச் சுங்கம் வந்து நிற்கும். அந்த ஒப்பந்தம் ஐரோப்பாவில் பிறந்த பொருளுக்கு, ஐரோப்பா வழியாக வந்த பொருளுக்கு இல்லை. பெட்டியில் ஒட்டிய தபால் முத்திரையைச் சுங்கம் பார்ப்பதில்லை, ரேசரின் பிறப்பிடத்தைப் பார்க்கிறது.

விற்பவரிடமே வரி வாங்கும் வழி நமக்குப் புதிதில்லை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்திறங்கும் பண்டங்களுக்கு உல்கு வாங்கிக்கொண்டு சோழர் புலி முத்திரை பதித்த செய்தி பட்டினப்பாலையில் இருக்கிறது. உல்கு என்றால் சுங்கம். அங்கே வரி கொடுத்தவன் வணிகன். துறைமுகத்தோடு அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். ஊருக்குள் அந்தப் பண்டத்தை வாங்கிய குடியானவன் வீட்டு வாசலில் யாரும் வந்து மறுபடி கை நீட்டவில்லை. ஆஸ்திரேலியாவும் சிங்கப்பூரும் இப்போது செய்திருப்பது ஏறக்குறைய இதைத்தான். இந்தியாவுக்கும் இதுதான் சரியான வழி என்பது என் முடிவு. சின்ன விற்பனையாளருக்குப் பதிவிலிருந்து விலக்கு, பெரிய கடைகளுக்கும் இணையச் சந்தைகளுக்கும் கட்டாயப் பதிவு, வரி பில்லிலேயே சேர்ந்துவிட வேண்டும். பதிவு செய்யாத சின்னக் கடையிலிருந்து வரும் பொட்டலத்துக்கு மட்டும் தபாலில் இப்போதுபோல வசூலிக்கலாம்.

விகிதத்தில் நல்ல மாற்றம் வந்திருப்பதைச் சொல்லியாக வேண்டும். 2025 பட்ஜெட்டில் 9804-ன் அடிப்படைச் சுங்கம் 35-லிருந்து 20 ஆனது. அந்த செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18-க்கு இறங்கியது. 2026 பிப்ரவரி பட்ஜெட்டில் சுங்கம் 20-லிருந்து 10-க்குக் குறைக்கப்படும் என்று அறிவித்தார்கள். அப்பாவின் ரேசரையே இந்தப் புதிய விகிதத்தில் கணக்குப் போட்டால் வரி 1,500 ரூபாய்க்குப் பக்கத்தில்தான் வருகிறது, பழைய சுமையில் பாதிகூட இல்லை. ஐந்து வருஷத்தில் இவ்வளவு இறங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, மனதார வரவேற்கிறேன். வரி இறங்கியதும் இன்னொன்று வெளிச்சத்துக்கு வருகிறது. இப்போது அந்த ரேசரின் விலைக்கு மேல் ஆகும் செலவில் பெரிய பங்கு அனுப்பும் கூலியான 2,000. கூரியரில் வந்தால் அதோடு முன்பணக் கட்டணம். இனிப் பேரம் பேச வேண்டிய இடம் அதுதான். ரேசர் ஒன்றை மட்டும் வாங்காமல் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பொட்டலமாக வரவழைத்தால் அந்தக் கூலி பங்காகிவிடும். விகிதம் மதிப்புக்கேற்றதுதான் என்பதால் வரியில் நஷ்டம் வராது. பிளேடுக்கு மட்டும் நான் வெளிநாட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். உலகத்தின் பல நாட்டுக் கடைகளில் இந்திய பிளேடுகள் விற்கின்றன, அவற்றை நாம் இங்கே தெருமுனைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

திருப்பி அனுப்புவது பற்றி எழுதாவிட்டால் இந்தக் கணக்கு முடியாது. என் இரண்டாவது ஆர்டரில் பிளேடுகளோடு ஒரு கைப்பிடியும் வந்தது. அதன் மரை சரியாக வெட்டப்படவில்லை, மூன்றாவது சுற்றிலேயே இறுகி நின்றுவிட்டது. கடைக்காரர் உடனே மன்னிப்புக் கேட்டு, திருப்பி அனுப்புங்கள், வேறு தருகிறேன் என்று எழுதினார். இங்கிருந்து அனுப்பும் கூலி என்னுடையது. புதிதாக வரும் கைப்பிடிக்கு மறுபடி சுங்கம். பழையதற்குக் கட்டிய வரி திரும்பக் கிடைக்காதா என்றால், கிடைக்கும். சுங்கச் சட்டத்தின் 26ஏ பிரிவு அதற்கென்றே இருக்கிறது. குறையுள்ள பொருளை உபயோகிக்காமல், அதே பொருள்தான் என்று அதிகாரி உறுதி செய்யும்படி, பொதுவாக முப்பது நாளுக்குள் ஏற்றுமதி செய்து, விண்ணப்பம் போட வேண்டும். ஒரு கப்பல் சரக்குக்கு எழுதப்பட்ட அந்த வழிமுறையில் நூறு கிராம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எந்த அலுவலகத்தின் எந்த மேசைக்குப் போவது என்று இரண்டு நாள் விசாரித்தேன். தபாலகத்தில் அப்படி ஒரு படிவத்தைப் பார்த்தவரே இல்லை. முப்பது நாள் போய்விட்டது. கடைக்காரர் கைப்பிடியின் பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கைப்பிடி அலமாரியின் இரண்டாவது டிராயரில், 3,744 ரூபாய் ரசீதுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அப்பா தினமும் காலையில் அவருடைய ரேசரை எடுக்க அதே டிராயரைத்தான் திறக்கிறார்.